பொடிப்பனியில் இரண்டு நாள்: ரோஜர்ஸ் கணவாயில் எந்தச் சரிவை விட்டுவிட வேண்டும்?

(காட்சி: வானிலிருந்து நெடுஞ்சாலை, இருபுறமும் செங்குத்தான வெண்மலைகள்)

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், செல்கர்க் மலைத்தொடரில், 1,330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ரோஜர்ஸ் கணவாய். பசிபிக் கடலின் ஈரக்காற்று இந்த மலைகளில் மோதி மேலேறிக் குளிர்ந்து, குளிர்காலம் முழுக்கப் பனியாகக் கொட்டுகிறது. காற்றும் வெயிலும் தொடாத அந்தப் பொடிப்பனியில் முழங்கால் புதையச் சறுக்கி இறங்குவதற்காகவே வார இறுதிகளில் மக்கள் இங்கே வருகிறார்கள். அந்தச் சுகத்துக்கு ஈடாக எனக்கு எதுவும் தெரியவில்லை.

மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட் கிடையாது. ஸ்கீ என்ற சறுக்குப் பலகையின் அடியில் ஸ்கின் என்ற பட்டையை ஒட்டிக்கொண்டு நடந்தே ஏற வேண்டும். அதன் இழைகள் ஒரே திசையில் படிந்திருப்பதால் முன்னே வழுக்கும், பின்னே சரியாது. மணிக்கணக்கில் ஏறியதைச் சில நிமிடங்களில் இறங்கிவிடலாம்.

(காட்சி: பனியை வெட்டிய குழி, அடுக்குகள் தெரிகின்றன)

இப்போது இந்தக் குழியைப் பாருங்கள். அடியில், தெளிந்த இரவுகளில் உருவான மெல்லிய உறைபனிப் படிகங்கள். அவற்றின்மேல் புயல் கொட்டிய கனத்த பாளம். அதன்மேல் ஒரு மனிதனின் எடை விழுந்தால், அடியிலுள்ள படிக அடுக்கு நொறுங்கி, முழுப் பாளமும் நழுவுகிறது. பனிச்சரிவில் சிக்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது தங்கள் காலடியிலோ, உடன் வந்தவர் காலடியிலோதான் உடைகிறது. இப்படிப் பாளமாக நழுவும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களில்தான் தொடங்குகின்றன. சறுக்குகிறவர்கள் தேடிப் போவதும் அதே சாய்வைத்தான்.

இந்தக் கணவாயின் வரலாறே பனிச்சரிவின் வரலாறுதான். 1910 மார்ச் 4 இரவு, சியாப்ஸ் மலையிலிருந்து விழுந்த பனியை ரயில் பாதையிலிருந்து தொழிலாளர்கள் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அப்போது எதிர்ப்புற மலையிலிருந்து இன்னொரு சரிவு வந்து 58 பேரைக் கொன்றது. அவர்களில் 32 பேர் ஜப்பானியர்கள். 1916-இல் ரயில்வே மலையைக் குடைந்து கன்னாட் சுரங்கப்பாதை வழியாகப் போகத் தொடங்கியது. பின்னர் நெடுஞ்சாலை வந்தபோது ராணுவமும் வந்தது. 1961 முதல் 105 மி.மீ. பீரங்கிகளால் சுட்டு, சாலைக்கு மேலுள்ள பனியைத் தாங்களே கீழே இறக்கிவிடுகிறார்கள்.

குண்டு விழும் மலையில் ஆள் இருக்கக் கூடாது. அதனால்தான் இங்கே குளிர்கால அனுமதிச் சீட்டு முறை. எந்தப் பகுதி திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று காலைதோறும் அறிவிப்பார்கள். 'திறந்திருக்கிறது' என்றால் அன்று சுடமாட்டார்கள், அவ்வளவே. பனி நிலையாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

2003 பிப்ரவரி 1 அன்று கன்னாட் ஓடைப் பள்ளத்தாக்கில் பள்ளி மாணவர் குழு ஒன்று பனிச்சரிவில் சிக்கியது. 7 மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு, தேசியப் பூங்காக்களை நிர்வகிக்கும் பார்க்ஸ் கனடா, பாதைகளை எளியது, சவாலானது, சிக்கலானது என்று தரம் பிரித்தது. பயணத்துக்கு முன் அன்றைய அபாய எச்சரிக்கையோடு இந்தத் தரத்தையும் சேர்த்துப் படியுங்கள்.

(காட்சி: அடர்ந்த காட்டுக்குள் இருவர் சறுக்குகிறார்கள்)

வெள்ளி இரவு புயல் ஓய்ந்தது என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை எல்லோர் கண்ணும் உச்சியில் இருக்கும். அன்றுதான் உச்சியை விட வேண்டும்; புதுப் பாளம் இன்னும் நிலைகொள்ளவில்லை. 30 பாகைக்குக் குறைந்த, அடர்ந்த மரங்களுள்ள சரிவைத் தேர்ந்தெடுங்கள். மேலே பெரிய சரிவு எதுவும் தொங்கக் கூடாது. பனி ஆழமாக இருந்தால் அந்தச் சாய்வே தாராளம். ஞாயிற்றுக்கிழமை எச்சரிக்கை தணிந்தால் கொஞ்சம் மேலே போகலாம். தணியாவிட்டால் அதே காடுதான். அங்கேயும் தொடாத பனி மிச்சமிருக்கும்.

ஒவ்வொருவரிடமும் மூன்று பொருள்கள் கட்டாயம்: புதைந்தவர் இருக்குமிடத்தை ரேடியோ அலையால் காட்டும், 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் டிரான்சீவர், பனிக்குள் குத்தித் தேட நீளமான துழாவுகோல், உலோக மண்வாரி. புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அரை மணி தாண்டினால் வாய்ப்பு மிகக் குறைவு. ஹெலிகாப்டர் அதற்குள் வந்து சேராது. பக்கத்தில் நிற்கும் நண்பர்தான் தோண்ட வேண்டும். ஆகவே சனிக்கிழமை காலை, வண்டி நிறுத்துமிடத்திலேயே ஒரு டிரான்சீவரைப் பனியில் புதைத்து, குழுவில் ஒவ்வொருவரும் அதைக் கண்டுபிடித்துத் தோண்டி எடுத்த பிறகு புறப்படுங்கள்.