கடவுளா டார்வினா? கோர்ட்டு வரை போன சண்டையில் சிக்கிய ஒரு எழுத்துப் பிழை!

(திரையில் ஒரே ஒரு சொல்: சிடிசைன் ப்ரொபோனென்ட்சிஸ்ட்ஸ்)

இந்தச் சொல்லை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாக்கு சுளுக்கிக்கொண்டால் நான் பொறுப்பில்லை. எந்த அகராதியைப் புரட்டினாலும் இது கிடைக்காது. ஆனால் அமெரிக்கப் பள்ளிகளில் பரிணாமத்தை நடத்துவதா, படைப்பை நடத்துவதா என்று பல பத்தாண்டுகளாக நடக்கும் சண்டையில், என்னைக் கேட்டால் இதைவிட அழகான தடயம் சிக்கியதே இல்லை.

வணக்கம் மக்களே. இது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பின்கதை. போரடிக்கும், அதனால் வேகமாக ஓட்டிவிடுகிறேன்.

1925. டென்னசி மாநிலம், டேட்டன் ஊர். மனிதன் கீழான உயிரினத்திலிருந்து வந்தவன் என்று வகுப்பில் நடத்தினார் என்பதற்காக ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம். 1968-இல் உச்ச நீதிமன்றம், இந்த மாதிரித் தடைச் சட்டமெல்லாம் செல்லாது என்றது. தடுக்கத்தானே கூடாது, இரண்டையும் சேர்த்து நடத்தச் சொல்லலாமே என்று லூசியானா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. 1987 ஜூனில் அதுவும் போச்சு. படைப்புவாதம் மத நம்பிக்கை, அரசுப் பள்ளியில் அதை அறிவியல் என்று நடத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மற்ற ஆண்டுகளை மறந்துவிடுங்கள். 1987-ஐ மட்டும் மனதில் ஓர் ஓரமாகப் போட்டு வையுங்கள்.

(திரையில்: டோவர், பென்சில்வேனியா)

2004 அக்டோபர். டோவர் என்ற சின்ன ஊரின் பள்ளி வாரியம் ஒரு முடிவு எடுக்கிறது. ஒன்பதாம் வகுப்பு உயிரியலில் பரிணாமப் பாடம் தொடங்குவதற்கு முன் ஓர் அறிக்கையைப் படிக்க வேண்டும். சாரம் இதுதான்: டார்வின் சொன்னது ஒரு கோட்பாடுதான், உண்மை என்று ஆகிவிடவில்லை, அதில் ஓட்டைகள் உண்டு, "இன்டெலிஜென்ட் டிசைன்" என்று வேறொரு விளக்கம் இருக்கிறது, வேண்டுபவர்களுக்கு 'ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்' என்ற புத்தகம் பள்ளியிலேயே கிடைக்கும்.

இன்டெலிஜென்ட் டிசைன் என்றால்? உயிர்கள் அவ்வளவு சிக்கலானவை, தானாக வந்திருக்க முடியாது, ஏதோ ஓர் அறிவு வடிவமைத்திருக்க வேண்டும் என்பது. அந்த அறிவு யாருடையது என்று மட்டும் வாயே திறக்க மாட்டார்கள்.

அறிவியல் ஆசிரியர்கள் அந்த அறிக்கையைப் படிக்க மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். கடைசியில் நிர்வாகிகளே வகுப்புக்குள் வந்து படித்துவிட்டுப் போனார்கள். பதினொரு பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2005 செப்டம்பர் 26 அன்று ஹாரிஸ்பர்க் ஃபெடரல் நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது. ஜூரி கிடையாது. நீதிபதி ஜான் ஜோன்ஸ், குடியரசுக் கட்சிக்காரர், ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்தவர். இதையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் "நாத்திக நீதிபதி" என்று கமெண்டில் யாரும் வரக் கூடாது.

பெற்றோர் தரப்பின் முதல் சாட்சி கென்னத் மில்லர், பிரவுன் பல்கலைக்கழக உயிரியல் பேராசிரியர். அவர் கத்தோலிக்கர், கடவுள் நம்பிக்கை உள்ளவர். ஆக இது சாமி கும்பிடுகிறவர்களுக்கும் கும்பிடாதவர்களுக்கும் நடந்த சண்டை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எதிர்த்தரப்பின் பெரிய ஆயுதம் என்ன தெரியுமா? எலிப்பொறி! மைக்கேல் பெஹே என்ற உயிர்வேதியியல் பேராசிரியரின் வாதம் அது. எலிப்பொறியில் பலகை, ஸ்பிரிங், அடிக்கிற கம்பி என்று சில பாகங்கள். ஒன்றைக் கழற்றினாலும் எலி சிக்காது. பாக்டீரியாவின் வாலும் அப்படித்தான். அதனால் அது படிப்படியாக உருவாகியிருக்க முடியாது என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மில்லரின் பதில் இன்னும் நன்றாக இருக்கிறது: எலி சிக்காது, சரி, ஆனால் மிச்சப் பாகங்கள் வேறு வேலைக்கு ஆகுமே? ஓரிரு பாகத்தை எடுத்துவிட்டு அந்தப் பொறியை டை கிளிப்பாக மாட்டிக்கொள்ளலாம் என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் உதாரணம். பாக்டீரியா வாலிலும் அதே கதை. அதன் அடிப்பகுதிப் புரதங்கள் சிலவற்றுக்கு ஒப்பான ஓர் அமைப்பை பிளேக் கிருமி ஊசி மாதிரி வைத்துக்கொண்டு, நம் செல்லுக்குள் நஞ்சைக் குத்துகிறது. வால் இல்லை. ஆனால் வேலை நடக்கிறது, நமக்குக் கேடாக.

இனி எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம். பாப்கார்ன் எடுத்துக்கொள்ளலாம்.

(திரையில்: இரண்டு விடைத்தாள்கள்)

பரீட்சையில் இரண்டு பையன்கள் ஒரே சரியான விடையை எழுதினால் வாத்தியாருக்குச் சந்தேகம் வராது. இரண்டு பேரும் நன்றாகப் படித்திருக்கலாம். ஆனால் ஒரே தப்பை, ஒரே இடத்தில், ஒரே மாதிரி எழுதியிருந்தால்? காதைப் பிடித்துவிடுவார். சரியான விடை எதையும் காட்டிக்கொடுக்காது. தப்புதான் காட்டிக்கொடுக்கும்.

மில்லர் நீதிமன்றத்தில் எடுத்துவைத்த ஒரு சான்று இந்த வகைதான். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கான மரபணுக்கள் நம் உடலில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. அந்த வரிசையில் ஒன்று பழுதாகி, வேலை செய்யாமல் சும்மா கிடக்கிறது. சிம்பன்சியிலும் கொரில்லாவிலும் அதே மரபணு, அதே இடத்தில், அதே பழுதுகளோடு கிடக்கிறது. மூன்று பேருக்கும் தனித்தனியாக ஒரே தப்பு வந்திருக்குமா? ஒரே மூலத்திலிருந்து படி எடுத்திருந்தால்தான் வரும்.

சரி, அந்த வித்தையை அப்படியே ஒரு புத்தகத்தின் மேல் போட்டுப் பார்க்கலாம்.

'ஆஃப் பாண்டாஸ்' 1989-இல் வெளிவந்தது. அதற்கு முன்னால் எழுதிய பல வரைவுகள் இருந்தன. இந்த வழக்குக்காக அவற்றைக் கேட்டு வாங்கினார்கள். தத்துவப் பேராசிரியர் பார்பரா ஃபாரஸ்ட் அவற்றை வரிசையாக அடுக்கி ஒப்பிட்டுப் பார்த்தார். முதல் வரைவுகளில் ஒரு விளக்கம் வருகிறது: படைப்பு என்றால், உயிர்கள் அறிவுள்ள படைப்பாளியால் திடீரென்று உருவானவை; மீன் துடுப்போடும் செதிலோடும், பறவை இறகோடும் அலகோடும். பிந்தைய வரைவில் அதே விளக்கம், அதே மீன், அதே பறவை. ஆனால் "படைப்பு" இருந்த இடத்தில் "இன்டெலிஜென்ட் டிசைன்". இப்படிச் சுமார் 150 இடங்களில் மாற்றியிருக்கிறார்கள் என்று தீர்ப்பே சொல்கிறது.

எப்போது மாற்றினார்கள்? ஓரமாகப் போட்டு வைத்த ஆண்டை எடுங்கள். 1987! உச்ச நீதிமன்றம் "படைப்புக்கு இடமில்லை" என்ற பிறகு. கடையைச் சீல் வைத்தால் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிவிட்டு அதே சரக்கை விற்பார்களே, அது மாதிரி.

ஒரு வரைவில் அந்தப் பலகையை மாற்றியவர் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார். "கிரியேஷனிஸ்ட்ஸ்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "டிசைன் ப்ரொபோனென்ட்ஸ்" என்று போட வேண்டும். ஆங்கிலத்தில் பழைய சொல்லின் முதல் எழுத்தான "சி"-யும் வால் எழுத்துகளான "இஸ்ட்ஸ்"-உம் அழியாமல் தங்கிவிட்டன. நடுவில் புதுச் சொல் போய் உட்கார்ந்துகொண்டது. அதுதான் சிடிசைன் ப்ரொபோனென்ட்சிஸ்ட்ஸ்.

தமிழில் நடந்திருந்தால் எப்படி இருக்கும் என்று உட்கார்ந்து செய்து பார்த்தேன். (ஆமாம், எனக்கு வேறு வேலை இல்லை.) "படைப்புவாதிகள்" என்பதை "டிசைன் ஆதரவாளர்கள்" என்று மாற்றும்போது கை தவறினால் இப்படி வரும்:

(திரையில்: படிசைன் ஆதரவாளர்கள்வாதிகள்)

படைப்புவாதிகள் எப்போதும் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. "பாதி இதுவும் பாதி அதுவுமாக இடைப்பட்ட ஓர் உயிரைக் காட்டு பார்க்கலாம்!" வாயில் பல்லும் உடம்பில் இறகுமாக ஆர்க்கியாப்டெரிக்ஸின் எலும்புக்கூடு ஜெர்மனியில் 1861-இலேயே கிடைத்துவிட்டது, அது போதாதாம். தலையும் வாலும் பழைய இனம், வயிறு புது இனம் என்று அவர்கள் புத்தகத்தின் வரைவிலேயே ஒன்று புதைபடிவமாகக் கிடந்திருக்கிறது! இதை நான் கற்பனையாக எழுதியிருந்தால் ரொம்ப ஓவர் என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள். லைக் போடாமல் இருந்தால் இந்த இடத்தில் போட்டுவிடுங்கள், இதைவிட நல்ல இடம் இனி வராது.

பெஹேயின் குறுக்கு விசாரணை தனி வீடியோவுக்கு ஆகும். ஒன்று மட்டும்: அவருடைய வரையறைப்படி பார்த்தால் ஜோதிடமும் அறிவியல் கோட்பாடு ஆகிவிடுமா என்று வழக்கறிஞர் கேட்டார். ஆகும் என்று ஒப்புக்கொண்டார்.

2005 நவம்பரில் டோவரில் வாரியத் தேர்தல். அறிக்கைக்கு ஆதரவாக நின்ற எட்டு பேரும் தோற்றார்கள். டிசம்பர் 20 அன்று தீர்ப்பு, 139 பக்கம். இன்டெலிஜென்ட் டிசைன் அறிவியல் இல்லை, படைப்புவாதத்திலிருந்து பிரிக்க முடியாதது என்றார் ஜோன்ஸ். பெற்றோரின் வழக்குச் செலவுக்குப் பள்ளி நிர்வாகம் சுமார் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டியதாயிற்று. நீதிபதிக்குக் கொலை மிரட்டல் வந்து பாதுகாப்புப் போட்டார்கள் என்பதுதான் இதில் சிரிக்க முடியாத பகுதி.

அப்புறம், நவம்பர் 4, விசாரணையின் கடைசி நாள். பைபிளில் நோவா காலத்தில் 40 பகலும் 40 இரவும் மழை கொட்டியதாக வரும் அல்லவா? பள்ளித் தரப்பு வழக்கறிஞர் பேட்ரிக் கில்லன் எழுந்தார். விசாரணை தொடங்கி இன்றோடு 40 நாள், இன்றிரவோடு 40 இரவு, ஐயா வேண்டுமென்றே இப்படி வைத்தீர்களா என்று கேட்டார்.

சுவையான தற்செயல்தான் மிஸ்டர் கில்லன், ஆனால் டிசைன் இல்லை என்றார் நீதிபதி.