வாடகை போக மிச்சம் 78 டாலர்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் பரிசு வாங்கிய சமூக நூல்களைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். பட்டியல் போட்டால் கேட்கிற உங்களுக்கும் அலுப்பு, எனக்கும் அலுப்பு. அதனால் ஒரே ஒரு புத்தகம். 2016இல் வந்து, அடுத்த வருடமே புலிட்சர் பரிசு வாங்கிய மேத்யூ டெஸ்மண்டின் ‘எவிக்டட்’. வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்படுகிறவர்களைப் பற்றியது.

விஸ்கான்சின் மாநிலத்தில் மில்வாக்கி என்று ஒரு நகரம். அங்கே ஒரு சிறுவன், தெருவில் போன காரின் மேல் விளையாட்டாகப் பனிக்கட்டி உருண்டையை எறிகிறான். காரிலிருந்து இறங்கியவன் துரத்திக்கொண்டு வந்து வீட்டுக் கதவை உதைத்து உடைத்துவிட்டுப் போகிறான். கதவு உடைந்ததற்காக, வீட்டுக்காரர் அந்தச் சிறுவனின் அம்மாவைக் காலி பண்ணச் சொல்லிவிடுகிறார். அவ்வளவுதான், இரண்டு பையன்களோடு அந்த அம்மாவின் அலைச்சல் தொடங்குகிறது. புத்தகத்தில் அவர் பெயர் ஆர்லீன். எல்லாருக்கும் மாற்றுப் பெயர்கள்தான், ஆட்கள் நிஜம். அலைந்து திரிந்து பிடித்த ஒரு வீட்டுக்கு வாடகை 550 டாலர். அரசு தருகிற உதவித்தொகை 628 டாலர். மிச்சத்தில் மூன்று பேர் மாதம் முழுக்க ஓட்ட வேண்டும்! அரசின் வாடகை உதவி கிடைக்காதா என்று நீங்கள் கேட்கலாம். அதற்குத் தகுதியுள்ள குடும்பங்களில் நாலில் ஒன்றுக்குத்தான் அங்கே கிடைக்கிறது.

டெஸ்மண்ட் ஒரு சமூகவியலாளர். தூரத்தில் உட்கார்ந்து எழுதவில்லை. 2008இல் முதலில் ஏழை வெள்ளையர்கள் வாழும் டிரெய்லர் குடியிருப்பிலும் (இழுத்துப் போகக்கூடிய வண்டி வீடுகள் வரிசையாக நிற்கும் இடம்), அப்புறம் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் ஓர் அறையிலும் போய்த் தங்கினார். இத்தனைக்கும், கதைக்குள் ‘நான்’ என்று எங்கேயும் தலைகாட்டவே மாட்டார். எப்படித் தங்கினேன், எப்படிச் சரிபார்த்தேன் என்பதெல்லாம் கடைசியில் தனியாக இருக்கிறது. களத்துக்குப் போய்வந்ததையே சாகசமாக எழுதுகிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்கலாம்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, வீட்டுக்காரம்மாவையும் அவர் கூடவே இருந்து பார்த்து எழுதியிருப்பது. அந்த 550 டாலர் வீட்டின் சொந்தக்காரர் ஷெரீனா முன்பு பள்ளி ஆசிரியை, ஆர்லீனைப் போலவே அவரும் கறுப்பினப் பெண்தான். ஆர்லீன் குடிவந்தபோது இரக்கப்பட்டு மளிகைச் சாமான் வாங்கித் தந்தவர், பாக்கி விழுந்ததும் அதே ஆர்லீன் மேல் வழக்குப் போடுகிறார். கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக முடியாது, ஆனால் ஏழைகள் இருக்கிற ஓட்டை உடைசல் வீடுகளில்தான் நல்ல லாபம் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். வேறெங்கும் வீடு கிடைக்காதவர்கள் பேரம் பேச மாட்டார்கள், குழாய் ரிப்பேர் என்று அழுத்திக் கேட்கவும் மாட்டார்கள்.

ஏழையாக இருப்பதால் வீடு போகிறது என்றுதான் நாம் நினைப்போம். டெஸ்மண்ட் அதைத் திருப்பிப் போடுகிறார்: வீடு போவதால்தான் பலர் இன்னும் ஏழையாகிறார்கள். நீதிமன்றத்தில் வீட்டுக்காரருக்கு வக்கீல் இருப்பார். குடியிருப்பவருக்குப் பெரும்பாலும் இருக்க மாட்டார், பலர் விசாரணைக்கே வருவதில்லை. தீர்ப்பு வந்ததும் ஷெரிப் எனப்படும் காவல் அதிகாரியின் ஆட்கள் வந்து நிற்பார்கள். சாமான்கள் ஒன்று கிடங்குக்குப் போகும், இல்லையென்றால் தெரு ஓரத்தில் கிடக்கும். கிடங்குக்குப் போனால் கட்டணம் கட்டித்தான் மீட்க வேண்டும். வழக்குப் பதிவைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் கதவைச் சாத்துவார், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மாறும், வீடு தேடி அலைகிறவருக்கு வேலையும் போகும். சிறை கறுப்பின ஆண்களை எப்படித் தாக்குகிறதோ, அப்படி இந்த வெளியேற்றம் கறுப்பினப் பெண்களைத் தாக்குகிறது என்கிறார்.

இன்னொரு கொடுமை. அப்போது மில்வாக்கியில் ஒரே முகவரியிலிருந்து போலீசுக்கு அடிக்கடி போன் போனால், ‘தொல்லை தரும் வீடு’ என்று வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் வரும். வீட்டுக்குள் அடி தாங்காமல் போன் செய்த பெண்ணையே அவர் காலி பண்ணச் சொல்லிவிடுவார்.

புத்தகத்துக்குப் பிறகு டெஸ்மண்ட் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ‘எவிக்ஷன் லேப்’ என்று ஒரு ஆய்வுக்கூடம் தொடங்கி, நாடு முழுக்க நீதிமன்றப் பதிவுகளைத் திரட்டி இணையத்தில் போட்டார். அதுவரை அமெரிக்க அரசிடமே இதற்கு ஒரு தேசியக் கணக்கு இல்லை.