காயில்ஓவரா, கம்பெனி ஷாக்கா? முடிவெடுத்தாயிற்று

வணக்கம் மக்களே! நம் ஸ்விஃப்ட் காருக்குக் கம்பெனி ஷாக்கே, அதாவது குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பரே, போட்டுவிட்டேன். காயில்ஓவர் என்பது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக வரும், உயரத்தை மாற்றக்கூடிய செட். அதைப் பற்றி முன்பு அவ்வளவு ஆசையாகப் பேசினீர்களே என்று கேட்பீர்கள். கடையில் சொன்ன விலை 90,000 ரூபாய். சரி, பணத்தை விடுங்கள். உயரத்தை ஏற்றலாம், இறக்கலாம் என்கிறார்கள். யார் தினமும் ஏற்றி இறக்கப் போகிறார்கள்? உயரம் மாறினால் வீல் அலைன்மென்ட்டும் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) மாறும். அதைச் சரிபார்க்காமல் ஓட்டினால் டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

கோவை கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் அடிக்கடி ஓட்டுகிறவர் என்றால் வாங்குங்கள், அருமையான சாமான். நான் ஓட்டுவது அவினாசி ரோட்டில். ஸ்விஃப்ட்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளி) 163 மி.மீ. ஐஆர்சி (இந்தியச் சாலைகள் காங்கிரஸ்) விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். எங்கள் தெருவில் உள்ளதற்கும் அந்த விதிக்கும் ஸ்நானப்பிராப்தி கூட இல்லை. இதில் 30 மி.மீ. இறக்கினால் அடி உரசாமல் வீடு வர முடியாது.

இப்போது முக்கியமான விஷயம், மவுண்ட். ஷாக்கின் தலையைப் பாடியோடு பிடித்திருக்கும் ரப்பர், அதோடு ஒரு பேரிங். ஸ்டியரிங் திருப்பும்போது ஸ்பிரிங் சுகமாகத் திரும்புவதே அந்தப் பேரிங்கால்தான். மெக்கானிக் "பழைய மவுண்டே போதும் சார்" என்றார். கழற்றிக் கையில் கொடுங்கள் என்றேன். ரப்பர் விண்டு கிடக்கிறது! அதைத்தான் புது ஷாக்கின் மேல் மாட்டப் பார்த்தார். பிறகு அது மட்டும் போனால் மறுபடி முழுவதையும் கழற்ற வேண்டும், கூலியும் மறுபடி. நான் விடவில்லை. அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டார், தூக்கட்டும். புது மவுண்ட் வந்தது, திருப்பும்போது கேட்ட அந்த டக் டக் போயே போய்விட்டது. கண்ணாடியை இறக்கிவிட்டு ரேடியோவை அணைத்துக் கேட்டுப் பார்த்தேன், சுத்தம்.

ஆ, சொல்ல விட்டுவிட்டேன். ஷாக்கை எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு வேண்டாம். இன்னொன்று, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. ஆர்சியில் (வண்டியின் பதிவுச் சான்றிதழில்) உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. காயில்ஓவர் அதில் வருமா வராதா என்று ரோட்டோரம் நின்று வாதாட எனக்குப் பொறுமை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வால்பாறை. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். கேமராவை முன் வீல் பக்கம் ஒட்டுகிறேன், ஷாக் வேலை செய்வதை நீங்களே பாருங்கள்.