பல்லுக்கு வழுக்கல், வளையத்துக்குப் பிடி

வணக்கம். காரை ஓட்டிக்கொண்டே இதைக் கேட்கிறவர்கள் யாராவது இருந்தால், அடுத்த தடவை இரண்டாம் கியர் போடும்போது கைக்கு என்ன தெரிகிறது என்று பாருங்கள். மெத்தென்று விழுகிறதா, முரண்டு பிடிக்கிறதா, 'கிர்ர்' என்று பல்லைக் கடிக்கிறதா? அந்த ஒரு நொடிக்குள் நடப்பதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

மட்டக்களப்பு, கல்லடியில் முப்பது வருசமாகக் கராஜ் வைத்திருக்கிறேன். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் மாமரத்தடியில் சருகு மூடிக் கிடந்த பழைய சிவிக், லான்சர், சுபாரு எல்லாம் தங்கமாகிவிட்டன. பொடியன்கள் அவற்றைக் கழுவித் துடைத்து, செங்கலடியில் பதுளை வீதிக்குத் திரும்பி, மகா ஓயா, பிபிலை, லுணுகலை என்று நுவரெலியா வரைக்கும் ஏற்றுகிறார்கள். ஏற்றட்டும், எனக்கும் சந்தோசம். ஆனால் எஞ்சின் ஒயிலுக்குப் பத்துப் பேரிடம் விசாரிக்கிற அதே பொடியன், கியர் பொக்ஸ் ஒயில் வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்பது ஒரே கேள்வி: "ஆகத் திறமானது எது?"

போன வருசம் களுவாஞ்சிகுடித் தம்பி ஒருவர் சிவிக் ஒன்று கொண்டுவந்தார். நல்ல கார், எஞ்சின் வீணை மாதிரி. இறங்கும்போதே முகம் வாடியிருந்தது.

"மாமா, சிங்குரோ போயிற்றாம். பொக்ஸை இறக்கோணும் எண்டு சொல்றாங்க."

"எப்ப இருந்து மனே?"

"ஒயில் மாத்தின கிழமையில இருந்து."

பாருங்கள், பதில் அவர் வாயிலேயே இருக்கிறது. என்ன ஒயில் என்று கேட்டேன். டிக்கியைத் திறந்து கானை எடுத்துக் காட்டினார். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பந்தயக் கொடி, நெருப்புப் படம், கீழே தடிப்பு 75 டபிள்யூ 140, வகை ஜீ.எல். 5. "எங்கட வெயிலுக்கு 140 தான் தாங்குமாம்" என்றார். விலையையும் சொன்னார். விலையை நான் இங்கே சொல்லவில்லை, அவருடைய அம்மா கேட்டுக்கொண்டிருக்கக் கூடும்.

காரைக் கொஞ்சம் ஓடவிட்டு, சூட்டோடு சூடாக ஒயிலை வடித்தேன். கூழ் முட்டை மணம். அந்த மணம் கந்தகத்தினுடையது. வெள்ளை எனாமல் கோப்பையில் கொஞ்சம் எடுத்து வெயிலில் சரித்துப் பிடித்தால், அடியில் பொன் தூவியது போல மினுமினுப்பு. ஒயில் வடிக்கிற ட்ரெயின் நட்டில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது வழமை, அது இரும்பு, பயப்பட வேண்டாம். ஆனால் காந்தத்தில் ஒட்டாமல் மினுங்குவது பித்தளை. சிங்குரோ வளையம் பித்தளையில் செய்தது.

படம் போட்டுக் காட்ட முடியாது, அதனால் இப்படிச் சொல்கிறேன். ஓடுகிற பஸ்ஸில் தொற்றி ஏறியிருக்கிறீர்களா? முதலில் பஸ்ஸோடு சேர்ந்து கொஞ்சம் ஓட வேண்டும். வேகம் சரிக்குச் சரி வந்த பிறகுதான் கம்பியைப் பிடிக்கலாம். அதற்கு முன்னால் பிடித்தால் தோள் கழன்றுவிடும். கியர் பல்லுகளும் அப்படித்தான். அவற்றை ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது அந்த வளையம். எப்படிக் கொண்டுவருகிறது? உரசி, பிடித்து. அதாவது, ஒயிலுக்குள் மூழ்கிக் கிடக்கிற ஒரு சாமானுக்குப் பிடி தேவைப்படுகிறது.

வாவி விலாங்கை ஆயும்போது வீட்டில் என்ன செய்கிறார்கள்? கையில் சாம்பலைத் தொட்டுக்கொள்கிறார்கள். அந்த நேரம் பார்த்து யாராவது கையில் தேங்காய் எண்ணெயை ஊற்றினால்? அந்தத் தம்பி வளையத்துக்குச் செய்தது அதைத்தான்.

அப்படியானால் ஜீ.எல். 5 கெட்ட ஒயிலா? இல்லை. அது வேறு வேலைக்குச் செய்த ஒயில். பின் சக்கரம் இழுக்கிற வாகனங்களின் டிபரன்சலுக்குள், அதாவது இழுவையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டிக்குள், ஹைப்பொயிட் என்று ஒரு வகைப் பல் இருக்கிறது. சாதாரணப் பல் ஒன்றின்மேல் ஒன்று உருளும். ஹைப்பொயிட் பல் அம்மிக் குழவி மாதிரி அழுத்திக்கொண்டு இழுபடும். அந்த அழுத்தத்தில் வெறும் ஒயில் பிதுங்கி ஓடிவிடும். அதனால்தான் கந்தகமும் பொசுபரசும் கலந்து, இரும்பின்மேல் ஒரு காப்புத் தோல் பிடிக்க வைக்கிறார்கள். இதைவிட மென்மையான வகையான ஜீ.எல். 4இல் இருப்பதைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு மருந்து ஜீ.எல். 5இல். பழைய வகைகளில் அந்தக் கந்தகம் சூட்டில் பித்தளையையே அரிக்கும். இப்போது வருபவை அவ்வளவு மோசமில்லை. ஆனால் வளையத்தை வழுக்கவிடுகிற குணம் பலவற்றில் இன்னும் இருக்கிறது. வழுக்கினால் பல் கடிக்கும், கடித்தால் தேயும்.

இப்போது சுபாரு வைத்திருக்கிறவர்கள் ரேடியோவை நிறுத்திவிட்டு ஜீ.எல். 4 வாங்க ஓட வேண்டாம். இருங்கள். உங்கள் காரில் முன் டிபரன்சலும் கியர் பொக்ஸும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன, இரண்டுக்கும் ஒரே ஒயில். அந்த டிபரன்சல் ஹைப்பொயிட். அதனால் இம்பிரெசாவுக்குக் கொம்பனியே சொல்வது ஜீ.எல். 5, 75 டபிள்யூ 90. அதற்குப் பொருந்துகிற மாதிரித்தான் அதன் சிங்குரோவையும் செய்திருக்கிறார்கள். சிவிக்கிலும் டிபரன்சல் கூடவே இருக்கிறது, ஆனால் அது ஹைப்பொயிட் இல்லை, சாய்ந்த பல். ஆகவே வேகமாக ஓடுகிற கார் என்று பொதுவாகச் சொல்லி ஒயில் வாங்க முடியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

சரி, அந்த 140. கியர் ஒயிலின் 90ஐயும் எஞ்சின் ஒயிலின் 40ஐயும் பக்கத்தில் வைத்து, 90 இரட்டிப்புத் தடிப்பு என்று நினைக்கிறார்கள். ஒன்று முழக்கோலால் அளந்தது, மற்றது அடிமட்டத்தால் அளந்தது. 100 பாகை சூட்டில் கியர் ஒயில் 90ம் எஞ்சின் ஒயில் 40ம் ஏறத்தாழ ஒரே தடிப்பு. 140 என்பது உண்மையிலேயே சீனிப் பாணி. 90களின் ஹொண்டாப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், தங்கள் கியர் ஒயில் கிடைக்காவிட்டால் தற்காலிகமாக எஞ்சின் ஒயில் 10 டபிள்யூ 30 ஊற்றலாம் என்றே எழுதியிருக்கிறது. அவ்வளவு மெல்லிய ஒயில் கேட்கிற பொக்ஸில் பாணியை ஊற்றினால் வளையம் அதை வெட்டிக்கொண்டு போய்ப் பிடிப்பதற்குள் உங்கள் கை தள்ளிவிடும்.

அந்தத் தம்பிக்குப் புத்தகத்தில் உள்ளதை, இரண்டு லீற்றர் சொச்சம், ஊற்றிக் கல்லடிப் பாலம் வரைக்கும் போய்வரச் சொன்னேன். திரும்பி வந்து இறங்காமலே சிரித்தார். போன பித்தளை போனதுதான், அது வராது. ஆனால் பொக்ஸ் இறங்கவில்லை.

ஒயில் மாற்றுகிற கதை வந்தால் இதைச் சொல்லாமல் எனக்கு எழும்ப முடியாது. நான் வேலை பழகிய காலம். முதலாளி சாமான் வாங்கக் கல்முனைக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை அழைப்புக்குப் போக வேண்டிய கார் ஒன்று, பின் சக்கர இழுவை, கியர் ஒயில் மாற்ற வந்து நிற்கிறது. நான் கெட்டிக்காரன் அல்லவா, உடனே கீழே புகுந்து ட்ரெயின் நட்டைக் கழற்றினேன். ஒயில் முழுக்க வடிந்தது. பிறகு ஊற்றுகிற நட்டில் சாவியைப் போட்டேன். அசையவில்லை. பைப் போட்டு நெம்பினேன், நட்டின் மூலை உருண்டு போயிற்று. அடியில் ஒரு சொட்டு ஒயில் இல்லை, மேலே வழி இல்லை, பட்டு வேட்டியோடு மாப்பிள்ளையின் சித்தப்பா வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்க்கிறார். முதலாளி வந்து என்னை ஏசவில்லை, அதுதான் இன்னும் வெட்கம். காருக்குள் ஏறி, கியர் தடியைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் புனல் வைத்து, புத்தகத்தில் உள்ள அளவைப் போத்தலால் அளந்து ஊற்றினார். கார் போயிற்று. அதற்குப் பிறகுதான் சொன்னார்: "ஊத்துற நட்டு கழருதா எண்டு பாத்திட்டுத்தான் வடிக்கிற நட்டில கை வைக்கோணும்." வீட்டில் தாங்களே மாற்றுகிறவர்கள் இதை எழுதி வையுங்கள். ஊற்றுகிற நட்டு முதலில்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். ஒட்டோ பொக்ஸ் பற்றித் தனியாகவே பேச நினைத்திருந்தேன், இப்போது இவ்வளவுதான்: சி.வி.ரி., அதாவது கியர் படியே இல்லாத ஒட்டோ பொக்ஸ், உள்ள காருக்கு நான் இதுவரை சொன்ன எதுவுமே பொருந்தாது. அதற்கென்று பெயர் போட்ட ஒயில் தவிர வேறு ஒரு சொட்டும் வேண்டாம்.

ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கிற, கிளச் தட்டு வைத்த லிமிற்றெட் ஸ்லிப் டிபரன்சல் போட்டிருக்கிறவர்கள், வளைவில் மெதுவாகத் திரும்பும்போது பின்பக்கம் 'கட கட' என்று அதிர்ந்தால் உடனே கழற்ற வேண்டாம். அதற்குரிய, எல்.எஸ். என்று போட்ட ஒயில்தானா உள்ளே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மலையேறிப் பந்தயம் ஓடுகிறவர்கள் புத்தகத்தில் உள்ள கிலோமீற்றர் வரை காத்திருக்கக் கூடாது, அதற்குக் காரணம்... சரி, ஒரு விரலும் மடங்கிவிட்டது. வணக்கம்.