மாத்திரையோடு சேர்ந்து போகவேண்டிய ஒரு ரத்தப் பரிசோதனை

விழாத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் தெளிவாகப் பேசி அமர்ந்திருக்கிற மனநல மருத்துவர் அம்மா அவர்களே, இந்த அரங்கைக் கேட்டவுடன் தந்த செயலாளர் ஐயா அவர்களே, இருமுனைக் கோளாறோடு வாழ்கிற அன்பர்களே, அவர்களைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிற குடும்பத்தாரே, எல்லோருக்கும் என் வணக்கம்.

தலைவர் இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். மூன்று விஷயங்கள் சொல்ல வந்தேன். மனம் ஒரு சமயம் மிதமிஞ்சிப் பொங்கி, ஒரு சமயம் சோர்ந்துவிடுகிற இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் என்ற உப்பு மருந்தாகும் என்று கண்டு சொன்ன ஜான் கேட் யார், அவருக்குப் பிறகு அதை நிலைநாட்டியது யார், அது மூளையில் என்ன செய்கிறது. கூடவே, நான் ஏறுகிற மேடையிலெல்லாம் சொல்கிற பழமொழி: அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.

ஜான் கேட் ஆஸ்திரேலியர். இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவராகப் போய், சிங்கப்பூரின் சாங்கி முகாமில் மூன்று ஆண்டுக்கு மேல் கைதியாக இருந்தார். ஊர் திரும்பியதும் மெல்போர்ன் பக்கம் பண்டூராவில் ஒரு மனநல மருத்துவமனையில் வேலை. அங்கே சும்மா கிடந்த சரக்கறைதான் ஆய்வுக்கூடம். மேனியா, அதாவது மனம் மிதமிஞ்சிப் பொங்குகிற நிலை வந்த நோயாளிகளின் சிறுநீரில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்பது அவர் எண்ணம். அது தவறு. ஆனால் அந்தத் தவறைத் துரத்திக்கொண்டு போனபோது, யூரிக் அமிலத்தைக் கரைக்க லித்தியம் உப்பு தேவைப்பட்டது. அதைக் கினிப்பன்றிகளுக்கு ஊசியாகப் போட்டார். இரண்டு மணி நேரத்தில், தொட்டாலே துள்ளுகிற அந்தப் பிராணிகள் மல்லாக்கப் போட்டாலும் பேசாமல் கிடந்தன. மருந்து கூடிப்போனதால் வந்த மந்தமாகவும் அது இருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். பார்த்தீர்களா, அங்கேயே பழமொழி வந்துவிட்டது.

அடுத்து, தானே அந்த உப்பை விழுங்கிப் பார்த்தார். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகே நோயாளிக்குக் கொடுத்தார்.

அந்த முதல் நோயாளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். வயது 51. ஒடுங்கிப்போன சின்ன உருவம். ஐந்து ஆண்டுகளாக ஓயாத பரபரப்பு. அழுக்கு, குறும்பு, கையில் கிடைத்ததை உடைப்பது, அடுத்தவர் காரியத்தில் தலையிடுவது. ஆயுசு முழுக்க அந்தப் பின்வார்டுதான் என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள். 1948 மார்ச் கடைசியில் லித்தியம் ஆரம்பித்தார்கள். சில நாட்களில் அடங்கினார். மூன்று வாரத்தில் தேறிவருகிறவர்களின் வார்டுக்கு மாறினார். ஜூலையில் வீட்டுக்கே போய்விட்டார், பழைய வேலையிலும் சேர்ந்தார். ஐந்து ஆண்டு அடைபட்டுக் கிடந்தவர் காலையில் எழுந்து வேலைக்குக் கிளம்பியதை நினைத்துப் பாருங்கள்!

அப்புறம்? நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை விட்டுவிட்டார். ஆறே மாதத்தில் மறுபடி அதே வார்டு. மறுபடி லித்தியம். 1950இல் அந்த லித்தியமே உடம்பில் மிஞ்சி, நஞ்சாகி, உயிரை எடுத்தது. விட்டதும் கெடுத்தது, மிஞ்சியதும் கெடுத்தது. ரத்தத்தில் அளவு பார்க்கும் வழக்கம் அன்று இல்லை. கேட் 1949இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் மேனியா நோயாளிகள் பத்துப் பேர். அந்தப் பத்தில் முதல் ஆளுக்கு நேர்ந்தது இது.

டென்மார்க்கின் மனநல மருத்துவர் மொகன்ஸ் ஸ்கோ 1954இல் முறையான ஒப்பீட்டு ஆய்வு வெளியிட்டு லித்தியத்துக்கு மறுவாழ்வு கொடுத்தார். அவருடைய சொந்தத் தம்பிக்கே திரும்பத் திரும்ப மனச்சோர்வு வந்துகொண்டிருந்தது. ஸ்கோவைப் பற்றியே ஒரு மாலை பேசலாம்.

ஆனால் நான் வந்த காரியம் வேறு. என் அண்ணனும் லித்தியம் சாப்பிடுகிறார். அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தபோது, வயசு என்று விட்டுவிட்டோம், லித்தியம் கூடியிருக்குமோ என்று நினைக்கவில்லை. காபி டம்ளர் தட்டில் கடகடவென்று அடிக்கும். கடைசியாக ரத்தம் பார்த்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. யாரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பெரும்பாலானவர்களுக்கு ரத்தத்தில் லித்தியம் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் போதும். அதற்குச் சற்று மேலே போனாலே ஆபத்து தொடங்கிவிடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இந்த மருந்துக்கென்றே சொன்னது போல இருக்கிறது. வாந்தி, பேதி, தண்ணீர் குறைவு, ஐபுப்ரோஃபன் போன்ற வலி மாத்திரை, இவற்றில் எது வந்தாலும் அளவு ஏறலாம். சிறுநீரகத்தையும் தைராய்டையும் கூடவே பார்க்கவேண்டும். அதற்குப் பயந்து மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது, மருத்துவரிடம் கேளுங்கள்.

மூளையில் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். வாசலில் அட்டைகள் வைத்திருக்கிறோம். தேதி, லித்தியம் அளவு, சிறுநீரகம், தைராய்டு என்று நான்கு கட்டம். ஆளுக்கு ஒன்று எடுத்துப் போங்கள். கடைசியாக ரத்தம் பார்த்த தேதியை இன்று இரவே முதல் கட்டத்தில் எழுதுங்கள். தேதி நினைவுக்கு வராவிட்டால், நாளைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.