குறியீட்டுக்குப் பதில் சொல்வது யார்?

நேயர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் முதலிய பகுதிகளிலும், ஏர்டைம் மீதியைப் பார்க்கவோ, வங்கிக் கணக்கைச் சரிபார்க்கவோ, காசில்லாத வேளையில் என்னை அழையுங்கள் என்று கேட்கும் 'பிளீஸ் கால் மீ' செய்தியை அனுப்பவோ, நட்சத்திரக் குறியில் தொடங்கி ஹாஷில் முடியும் குறியீடுகளைத் தட்டாதவர் குறைவு. பழைய பொத்தான் கைபேசியில் தடையின்றி நடந்த அதே காரியம், ஸ்மார்ட்போனில் 'இணைப்பில் சிக்கல் அல்லது செல்லாத எம்எம்ஐ குறியீடு' (எம்எம்ஐ என்பது இப்படித் தட்டும் குறியீடுகளின் பெயர்) என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடுவதாகப் பலர் குறைப்படுகிறார்கள். ஏழெட்டு வெவ்வேறு கோளாறுகளுக்கு ஒரே வாசகத்தை எழுதி வைத்தவர்களைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. கோளாறு எங்கே என்று அறிய விரும்புகிறவர், தாம் தட்டிய குறியீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியது யார் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நட்சத்திரம், ஹாஷ், 06, ஹாஷ் என்று தட்டினால், அழைப்புப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே கைபேசியின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் திரையில் தோன்றும். இதற்குப் பதில் சொல்வது கைபேசியே; சிம் இல்லாவிட்டாலும் அது சொல்லும். ஆகவே இது வேலை செய்கிறது என்பதைக் கொண்டு நெட்வொர்க் நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. நட்சத்திரம், ஹாஷ், 43, ஹாஷ் என்பது கால் வெயிட்டிங் வசதி இயங்குகிறதா என்று நெட்வொர்க்கைக் கேட்பது. ஜிஎஸ்எம் என்ற பன்னாட்டுக் கைபேசித் தரத்தில் வகுக்கப்பட்ட பொதுக் குறியீடு என்பதால் இங்கும் சென்னையிலும் அதன் பொருள் ஒன்றே. மூன்றாம் வகை, அந்தந்த நிறுவனம் தன் கணினியில் தானே வைத்துக்கொண்டது. வோடாகாம் கைபேசி நிறுவனத்தின் பிளீஸ் கால் மீ சேவைக்குரிய நட்சத்திரம் 140 நட்சத்திரம் அத்தகையது. அந்தச் சேவையின் யோசனை தம்முடையது என்று வழக்காடிய இன்கோசானா மகாட்டேவுக்குச் சாதகமாக 2016-இல் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது நேயர்களுக்கு நினைவிருக்கலாம். அத்தகைய குறியீடு எல்லா நிறுவனங்களின் சிம்மிலும் செல்லும் என்பதில்லை.

இரண்டு சிம் போட்டிருப்பவர்களின் தொல்லை பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. அழைப்புகளுக்கென்று முதல் சிம்மை நிலையாகத் தேர்ந்து வைத்திருந்தால், இரண்டாம் சிம்முக்குரிய குறியீடும் கேட்காமலே முதல் சிம் வழியாகப் போய், அறியாதவர் வீட்டுக் கதவைத் தட்டிய கதையாகத் திரும்பிவிடும். அமைப்புகளில் அழைப்புக்குரிய சிம் என்ற இடத்தில் 'ஒவ்வொரு முறையும் கேள்' என்று மாற்றி வைத்தால் இந்தத் தொல்லை தீரும்.

லோட் ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு மிகுந்திருந்த காலத்தில் இன்னொரு மயக்கம் பரவலாக இருந்தது. வீட்டு ரவுட்டர் சிறிய பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். வாட்ஸ்அப் வரும், போகும். ஆனால் அருகிலுள்ள கோபுரத்தின் பேட்டரி தீர்ந்திருக்கும். வைஃபை இருந்தும் வங்கிக் குறியீடு ஏன் போகவில்லை என்று கேட்பார்கள். யுஎஸ்எஸ்டி எனப்படும் இந்தச் சேவை வாட்ஸ்அப்பைப் போல எந்த இணைய இணைப்பிலும் ஏறிப் போவதன்று. அழைப்பை ஏற்படுத்துவதற்கான சைகைகள் செல்லும் தடத்திலேயே அது செல்கிறது. டேட்டா தீர்ந்தாலும் அது இயங்குவதற்கும், டேட்டா இருந்தும் அது இயங்காமல் போவதற்கும் இதுவே காரணம். 4ஜி சிக்னலில் இருக்கும் பல கைபேசிகள் இதற்காக 3ஜிக்கோ 2ஜிக்கோ ஒரு கணம் இறங்க வேண்டியிருப்பதால், நெட்வொர்க் வகையை '4ஜி மட்டும்' என்று கட்டி வைத்தவர்களுக்குப் பிழைச் செய்தியே வரக்கூடும். குறிப்பிட்ட எண்களை மட்டுமே அழைக்க விடும் 'எஃப்டிஎன்' என்ற பூட்டைச் சிம்மில் போட்டிருந்தாலும் குறியீடு தடுக்கப்படும், அது அரிது.

முதியவர்கள் படும் பாடு வேறு. மெனு திரையில் வந்ததும் ஆயா, அதாவது பாட்டி, கண்ணாடியைத் தேடி எடுத்து அணிவதற்குள் திரை இருண்டுவிடுகிறது. மீண்டும் திறந்து, அடியிலுள்ள மெல்லிய கோட்டின் மேல் விரலை வைத்து எண்ணை இட்டு, 'அனுப்பு' என்பதை அழுத்துவதற்குள் இணைப்பு அறுந்துபோகிறது. குறுஞ்செய்தியைப் போல இது எங்கும் சேமிக்கப்படுவதில்லை. இரு முனையும் விழித்திருக்கும்வரைதான் உரையாடல். ஒரு செய்தியில் ஆங்கில எழுத்து 182-க்கு மேல் கொள்ளாது. தமிழ் எழுத்துகளை யூனிகோட் முறையில் அனுப்பினால் உயிர்மெய்க் குறிகளையும் சேர்த்து 80 இடங்களே கிடைக்கும். பக்கம் பக்கமாக நறுக்கப்பட்ட மெனு வருவது அதனால்தான். திரை அணையும் நேரத்தை இரண்டு நிமிடமாகக் கூட்டி வைப்பது பிள்ளைகள் செய்து தரக்கூடிய எளிய உதவி.

வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி ஓயாமல் சுற்றுகிறது: நட்சத்திரம், ஹாஷ், 21, ஹாஷ் தட்டினால் யாராவது நம் பேச்சை ஒட்டுக் கேட்கிறார்களா என்று தெரியுமாம். தெரியாது. நம் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டுள்ளனவா என்பதை மட்டுமே அது காட்டும். 21-க்குப் பதில் 62 இட்டுத் தட்டினால், கைபேசி எட்டாத வேளையில் அழைப்பு எங்கே போகும் என்று காட்டும்; அதில் காணும் அந்நிய எண், பெரும்பாலும் குரல் அஞ்சலுக்கு உரியதாகவே இருக்கும்.

உண்மையான ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது. கூரியர் என்றோ வங்கி என்றோ சொல்லி ஒருவர், இரண்டு நட்சத்திரம், 21, நட்சத்திரம், பிறகு ஓர் எண், ஹாஷ் என்று தட்டச் சொல்லி, நாமும் தட்டி அழைப்பை அழுத்தினால், நம் அழைப்புகள் அனைத்தும் அவருக்குப் போகும். குறுஞ்செய்திகள் போகமாட்டா என்றாலும், அழைப்பாக வரும் ஓடிபி அவர் காதில் விழும், வாட்ஸ்அப் கணக்கும் அவர் கைக்குப் போய்விடும். அவ்வாறு தட்டிவிட்டவர்கள் இரண்டு ஹாஷ், 002, ஹாஷ் என்று தட்டி அழைப்பை அழுத்தினால் எல்லாத் திருப்பல்களும் நீங்கும். அதனால் குரல் அஞ்சலும் நின்றுவிடக்கூடும். அதை நிறுவனத்திடம் கேட்டு மீண்டும் அமைத்துக்கொள்ளலாம்.