வால்நட் பிஸ்கட்டின் விரிசல் எங்கிருந்து வருகிறது? சீனத்துத் தாவ்சூ, உங்கள் வீட்டு ஓவனில்

(திரையில்: ஓவன் கண்ணாடிக்குப் பின்னால் மெல்ல வெடித்து விரியும் பிஸ்கட்டின் அண்மைக் காட்சி)

வணக்கம் நண்பர்களே. இப்போது நீங்கள் பார்த்த அந்த விரிசலுக்காகத்தான் இந்த வீடியோ. பெயரில் வால்நட்டைச் சுமந்திருக்கும் இந்தச் சீன பிஸ்கட் பல கடைகளில் ஒரு துண்டு வால்நட்கூட இல்லாமல் விற்கப்படுகிறது. ஆனால் விரிசல் இல்லாமல் எந்தக் கடையும் இதை விற்பதில்லை.

மாண்டரின் மொழியில் இதற்குத் தாவ்சூ என்று பெயர். கான்டனீஸ் பேசுவோர் ஹப்தோசோ என்பார்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சீனப் புத்தாண்டு நெருங்கும்போது, சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்களில் நிலக்கடலை பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் இதையும் அடுக்கி வைத்திருப்பார்கள். பெயரிலுள்ள ‘தாவ்’ என்பது ‘ஹெதாவ்’ என்பதன் சுருக்கம். ‘ஹெதாவ்’ என்றால் வால்நட், அதாவது அக்ரூட். ‘சூ’ என்பது பல் பட்டதும் பொலபொலவென்று உதிரும் பதத்தைக் குறிக்கும் சொல். மேற்புற விரிசல் அக்ரூட் ஓட்டின் சுருக்கங்களைப் போல இருப்பதால்தான் இந்தப் பெயர் வந்தது என்று சொல்வோரும் உண்டு. சீனாவின் ஜிங்டெஜென் நகரத்துப் பீங்கான் சூளையின் சூட்டில் ஒரு தொழிலாளி முதன்முதலில் இதைச் சுட்டார் என்று ஒரு கதையும் வழங்குகிறது. அது கதையாகவே இருக்கட்டும். நாம் மாவுக்கு வருவோம்.

மைதா 200 கிராம், சர்க்கரை 90 கிராம், கொழுப்பு 100 கிராம், அடித்த முட்டை 25 கிராம், சமையல் சோடாவும் பேக்கிங் பவுடரும் தலா அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, வறுத்து உடைத்த அக்ரூட் 60 கிராம், மேலே தூவக் கொஞ்சம் கருப்பு எள். இவ்வளவுதான் தேவை.

இந்தப் பட்டியலில் கொழுப்பு என்று பொதுவாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மரபுப்படி இதில் சேர்ப்பது பன்றிக்கொழுப்பு. அதை உண்ணாதவர்கள் கடலை எண்ணெயோ நெய்யோ சேர்க்கலாம். வெண்ணெயை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வெண்ணெயில் ஏறக்குறைய 16 சதவீதம் தண்ணீர் இருக்கிறது. அந்தத் தண்ணீர் மைதாவின் புரதத்தோடு சேர்ந்து குளூட்டன் என்னும் இழுவை வலையைப் பின்னிவிடும், அந்த வலை உருவானால் பிஸ்கட் உதிராது, விரியாது. தண்ணீரே இல்லாத கொழுப்பு மாவுத் துகள்களைப் போர்த்தி, அந்த வலை உருவாகாமல் தடுக்கிறது. முதல்முறை நான் சப்பாத்தி மாவைப் போல அழுத்திப் பிசைந்ததில், வழவழவென்ற முகத்தோடு கல்லாக இறுகிய பிஸ்கட்டுகள்தான் கிடைத்தன. தயவுசெய்து பிசையாதீர்கள், உள்ளங்கையால் மடித்து மடித்து அமுக்கினால் போதும். கைப்பிடியில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கட்டைவிரலால் தள்ளினால் ஈர மணலைப் போல உடைய வேண்டும்.

சர்க்கரையை மாவாகப் பொடிக்க வேண்டாம். சிறு குருணையாக இருந்தால்தான் அது சூட்டில் உருகும்போது உருண்டை பக்கவாட்டில் சரிந்து விரியும். சமையல் சோடா வாயுவைத் தருவதோடு, மாவைக் காரத்தன்மை உடையதாக்கி, பொன்னிறம் விரைவில் ஏறவும் உதவுகிறது. பழைய பேக்கரிகளில் இதனுடன் அம்மோனியம் பைகார்பனேட்டும் சேர்ப்பார்கள். சீனர்கள் அதை ‘நாற்றப் பொடி’ என்றே அழைக்கிறார்கள். சூடேறும்போது அது அம்மோனியா, கரியமில வாயு, நீராவி என்று முழுவதுமாகப் பிரிந்து வெளியேறிவிடும். பிஸ்கட் மெல்லியதாகவும் உலர்ந்ததாகவும் இருப்பதால் நாற்றம் உள்ளே தங்குவதில்லை. வீட்டுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

25 கிராம் வீதம் பிடித்தால் ஏறக்குறைய 19 உருண்டைகள் வரும். நடுவில் விரலால் குழித்து, கருப்பு எள் தூவி, நன்றாக இடைவெளி விட்டு அடுக்கி, முன்பே சூடாக்கிய ஓவனில் 180 டிகிரி செல்சியஸில் 18 முதல் 20 நிமிடம் வரை சுட வேண்டும்.

(திரையில்: ஓவனுக்குள் ஒரே ஒரு பிஸ்கட், வேகமாக ஓட்டப்பட்ட காட்சி)

இந்த இடத்தில் வீடியோவைத் தள்ளிவிடாமல் பாருங்கள். முதலில் உருண்டை பளபளக்கிறது, பிறகு சரிகிறது. மேற்பரப்பு உலர்ந்து இறுகத் தொடங்கும்போது, உள்ளே இருக்கும் மாவு இன்னும் விரிந்துகொண்டும் வாயுவை வெளித்தள்ளிக்கொண்டும் இருக்கிறது. இறுகிய மேல்தோலால் நீள முடியாது; விளிம்பிலிருந்து நடுக்குழியை நோக்கி ஒரு கோடு கிழிகிறது, அதன் பக்கத்திலேயே இன்னொன்று. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

வெளியே எடுத்ததும் தொட்டுவிடாதீர்கள். சூட்டோடு எடுத்தால் கையிலேயே நொறுங்கிவிடும். தட்டிலேயே 20 நிமிடம் ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள். சுட்ட அன்றைக்கு இருப்பதைவிட, அக்ரூட்டின் எண்ணெய் மணம் மாவில் இறங்கிய மறுநாள் இதன் சுவை இன்னும் நன்றாக இருக்கும். உங்கள் பிஸ்கட்டில் விரிசல் விழவில்லை என்றால், எந்தக் கொழுப்பைச் சேர்த்தீர்கள், எவ்வளவு நேரம் பிசைந்தீர்கள் என்ற இரண்டையும் கீழே எழுதுங்கள். பிழை எங்கே என்று சேர்ந்து கண்டுபிடிப்போம்.